பதில் வரும்வரை ஒலிக்கும் அறை

"டீச்சர், ஒரு மணி நேரம் நீங்க எழுந்திருக்காம உட்காரணும்னா நான் என்ன செய்யணும்?"

ஜெரோம் இதை மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

தில்ஷாத் டீச்சர் ஸ்பீக்கர் வயரின் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான் டீச்சர்."

டீச்சர் வயரை வாயிலிருந்து எடுத்தார்.

"வயரைக் கடிச்சிட்டு இருக்கிறவகிட்ட கேள்வி கேக்கலாமாண்ணே?"

மறுபடியும் கடிக்க ஆரம்பித்தார்.

சீடருக்கு வயது நாற்பத்தேழு. ஆசிரியைக்கு முப்பத்திரண்டு. ஜெரோம் தில்ஷாத்தை டீச்சர் என்பார். தில்ஷாத் ஜெரோமை அண்ணே என்பார். இதில் இருவருக்கும் கூச்சமில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு.

அது கடலோரத்து ஊர். பேட்டரிக் கடைக்கு மேலே, மாடியில் ஒரே அறை. சுற்றிலும் எட்டு ஸ்பீக்கர்கள். ஒரு பக்கம் வெள்ளைச் சுவர். தரையில் ஜமுக்காளம்.

இணையத்தில் இந்த நிமிடம் மனிதர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்களோ, அதை எடுத்துச் சத்தமாகவும் வெளிச்சமாகவும் மாற்றி அந்த அறைக்குள் விடுவதுதான் தில்ஷாத் டீச்சரின் வேலை.

சொன்னால் புரியாது. உட்கார்ந்தால் புரியும். ஜெரோமுக்கு அப்படித்தான் புரிந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஸ்பீக்கர் இரைகிறது என்று ஜெரோமைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் மைக்செட்காரர். கல்யாணம், கட்சிக் கூட்டம், கோவில் கொடை, மாதா திருவிழா என்று அப்போதே இருபது வருடம் மேடைக்குப் பின்னால் நின்றிருந்தவர்.

அன்று டீச்சர் மழையை வைத்திருந்தார். 'எங்க ஊர்ல மழை' என்று ஒரு இணையப் பக்கம். அவரவர் ஊரில் மழை பெய்தால் அவரவர் அதில் எழுதுவார்கள். ஒருவர் எழுதினால் அறையில் ஒரு சொட்டு விழும். எந்தத் திசை ஊரோ அந்தத் திசை ஸ்பீக்கரில்.

ஜெரோம் ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேற்கு மூலையில் ஒரு சொட்டு. பிறகு நாலு. பிறகு பத்து. சத்தம் அறைக்குள் கிழக்கே நகர ஆரம்பித்தது. நடந்து வருவதுபோல் வந்தது. வெளியே பளிச்சென்று வெயில்.

ஜெரோம் திருப்புளியைக் கீழே போட்டார்.

"ஐயோ, மொட்டை மாடியில கருவாடு காயுது!"

ஓடிவிட்டார்.

கடைசித் தட்டை வீட்டுக்குள் இழுத்துப்போடும்போது மழை இறங்கியது.

மறுநாள் காலையில் வந்து அறை வாசலில் நின்றார்.

"எனக்கும் இதைச் சொல்லிக்கொடுங்க."

"கம்ப்யூட்டர் தெரியுமாண்ணே?"

"தெரியாது."

"பின்னே?"

"கருவாடு தப்பிச்சிட்டு. அது தெரியும்."

டீச்சர் அன்றைக்கே ஒரு கீபோர்டைக் கையில் கொடுத்தார். ஜெரோம் இரண்டே விரலால் தட்டித் தட்டிப் படித்தார். இரண்டு வருடம் ஆயிற்று. இன்னும் இரண்டு விரல்தான். ஆனால் அந்த இரண்டு விரலும் நிரல் எழுதும்.

இந்த வருடம் ஊரில் உயர்கல்வி வழிகாட்டி முகாம் நடக்கவிருந்தது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பெற்றோரோடு வருவார்கள். பெரிய ஹால். அதில் ஒரு பக்கத்தை டீச்சருக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

"இந்தத் தடவை நீங்க செய்யுங்கண்ணே," என்றார் டீச்சர். "நல்லா வந்தா வைப்போம்."

"வரலைன்னா?"

"அந்தப் பக்கம் காலியா கிடக்கட்டும்."

ஜெரோமின் மகள் முதல் வருடக் கல்லூரி படிக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா, உன் பேரு போடுவாங்களா?"

இருபத்திரண்டு வருடத்தில் எந்த நோட்டீஸிலும் அவர் பெயர் வந்ததில்லை. கடைசி வரியில் 'ஒலி ஒளி அமைப்பு' என்று முதலாளி பெயர்தான் வரும். அதில் அவருக்கு வருத்தமும் இருந்ததில்லை. மகள் கேட்ட பிறகுதான் சோறு இறங்கவில்லை.

டீச்சருக்கு இது நல்லா வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வழியை ஜெரோமே சொன்னார்.

"நான் போடுறேன். நீங்க உட்காருங்க. ஒரு மணி நேரம் எழுந்திருக்காம இருந்தீங்கன்னா பாஸ். எங்க தொழில்ல அதுதான் கணக்கு. சபை எழுந்து போகலைன்னா நிகழ்ச்சி ஜெயிச்சிட்டு."

டீச்சர் ஜமுக்காளத்தை உதறிப் போட்டார்.

"உங்க கணக்கு. நான் உட்காருதேன்."

ஜெரோம் எடுத்துக்கொண்டது 'உதவிப் பலகை' என்ற இணையதளம். கல்லூரி விண்ணப்பம் பற்றிப் பிள்ளைகள் அதில் கேள்வி போடுவார்கள். தெரிந்தவர்கள் யாராவது பதில் எழுதுவார்கள். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை கேள்வியும் பதிலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் தடவை டீச்சர் உட்கார்ந்தார்.

கேள்வி வந்தால் வீணை. பதில் வந்தால் புல்லாங்குழல். எல்லாம் மோகன ராகத்து ஐந்து ஸ்வரம். எது எதோடு சேர்ந்து விழுந்தாலும் இனிக்கும். அடியில் ஒரு தம்புரா.

நாலாவது நிமிடம் டீச்சர் எழுந்தார். சுவரோரம் போனார். இணைய வயரைப் பிடுங்கித் தரையில் போட்டார். படியிறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்.

டீச்சர் எழுந்ததுமே ஜெரோம் சோர்ந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வீணை விழுந்தது. குழல் விழுந்தது. நன்றாகத்தானே இருக்கிறது, இதை விட்டுவிட்டு ஏன் எழுந்து போனார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் கழித்து டீச்சர் திரும்பி வந்தபோதும் வீணை விழுந்துகொண்டிருந்தது.

"யாருண்ணே கேக்குறா?" என்றார் டீச்சர்.

ஜெரோம் கண்ணைத் திறந்தார். தரையில் கிடந்த வயரைப் பார்த்தார்.

அவருடைய பழக்கம் அது. மேடையில் ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறுவதற்குள் மைக்செட்காரன் ஒரு பாட்டைப் போட்டுவிட வேண்டும். சத்தம் இல்லாத நிமிடம் வந்தால் ஜனம் கலைந்துவிடும். அதனால் கேள்வி வராத நேரத்தில் ஒலிக்கட்டும் என்று போன வாரத்துக் கேள்விகளைப் பதிந்து உள்ளே வைத்திருந்தார்.

அதை அழித்தார். தம்புராவையும் எடுத்தார்.

இரண்டாவது தடவை டீச்சர் இருபது நிமிடம் உட்கார்ந்தார். நடுவில் நாலு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. ஜெரோமுக்கு வியர்த்துக் கொட்டியது. டீச்சர் அசையவில்லை. பிறகு ஒரு வீணை. ஒரு குழல். இன்னொரு குழல்.

"இந்தக் குழல் எந்த வீணைக்குண்ணே?"

ஜெரோம் சிரித்தார். "அது எப்படி டீச்சர் தெரியும்? கேள்வி ஒரு பக்கம் வருது, பதில் ஒரு பக்கம் வருது."

டீச்சர் எழுந்துவிட்டார்.

அதனால்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் ஜெரோமுக்கு அவ்வளவு பதற்றம். முகாம் சனிக்கிழமை. இது மூன்றாவது தடவை.

டீச்சர் வயரை முறுக்கி ஸ்பீக்கரில் மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு ஜமுக்காளத்தில் வந்து உட்கார்ந்தார்.

"போடுங்க."

ஜெரோம் போட்டார்.

மேல்ஸ்தாயியில் ஒரு ஸ்வரம் எழுந்தது. சுவரில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஸ்வரம் நின்றுவிடாமல் நீண்டது. நீள நீளக் கொஞ்சம் கீழே இறங்கியது. வெள்ளைப் புள்ளி மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

சட்டென்று ஸ்வரம் நின்றது. புள்ளி அணைந்தது.

டீச்சரின் தலை நிமிர்ந்தது.

"கேள்வி வந்தா ஆரம்பிக்கும் டீச்சர். அந்தக் கேள்விக்குப் பதில் வந்தாத்தான் நிக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கோ, ஸ்வரம் அவ்வளவு கீழே இறங்கும்."

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் இல்ல."

"மாஷா அல்லாஹ்," என்றார் டீச்சர், மெதுவாக.

ஜெரோம் வேறு பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இன்னொரு ஸ்வரம். அதன்மேல் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து இறங்கின. ஒன்று நின்றது. மற்றது தனியாகக் கொஞ்ச தூரம் போய் மங்கி அடங்கியது. சுவரில் புள்ளிகள் பூப்பதும் உதிர்வதுமாக இருந்தன.

பத்து நிமிடம். இருபது நிமிடம். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். முப்பது. ஜெரோம் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். நாற்பது.

சுவர் சுத்தமாக இருந்தது. அறை அமைதியாக இருந்தது.

"அண்ணே."

"சொல்லுங்க டீச்சர்."

"இப்போ பலகையில பதில் வராத கேள்வி எத்தனை இருக்கு?"

ஜெரோம் கணினித் திரையைப் பார்த்தார். எண் தெரிந்தது.

"முப்பத்தொண்ணு."

"சுவர்ல?"

சுவரில் ஒரு புள்ளிகூட இல்லை.

"அது வந்து... மூணு நிமிஷம் தாண்டிச்சுன்னா மெதுவா அணைஞ்சிரும் டீச்சர். அப்படி ஒரு வரி எழுதியிருக்கேன்."

"ஏன்?"

"விடாம நீண்டா ஊளையிடும்."

"எது?"

"ஸ்பீக்கர்தான்."

"ஸ்பீக்கரா?"

ஜெரோம் திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தார்.

மைக் ஊளையிட்டால் மைக்செட்காரனுக்கு மானம் போயிற்று என்று அர்த்தம். கூட்டமே திரும்பிப் பார்க்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் காதைப் பொத்துவார்கள். யாராவது ஒருவர் "ஏ, செட்டுக்காரா!" என்று கத்துவார். இருபத்திரண்டு வருடமாக, ஒரு சத்தம் நீள ஆரம்பித்தால் அவர் கை தானாகச் சத்தம் குறைக்கும் திருகை நோக்கிப் போய்விடும். அதே கைதான் அந்த வரியையும் எழுதியிருந்தது.

டீச்சர் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தார். ஒரு மணி நேரத்துக்கு இன்னும் பதினேழு நிமிடம். பேசாமல் இருந்தால் பாஸ்.

ஜெரோம் கடிகாரத்தைப் பார்த்தார். சுத்தமான சுவரைப் பார்த்தார்.

கணினி முன்னால் போய் நின்றார். அந்த ஒரு வரியைத் தேடினார். இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

"மறுபடியும் முதல்ல இருந்து வச்சுக்குவோம் டீச்சர். இது கணக்கில்ல."

"சரி."

ஜெரோம் போட்டார்.

முப்பத்தொரு ஸ்வரமும் ஒரே நேரத்தில் எழுந்தன.

அது இனிமையாக இல்லை. காலையில் வந்த கேள்விகள் மேலே இழுத்துக்கொண்டு நின்றன. நேற்றையவை அதற்குக் கீழே. அதற்கும் கீழே ஒன்று, துறைமுகத்தில் கப்பல் ஊதுவதுபோல் தனியாக ஊதிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக எரிந்தது.

கீழே பேட்டரிக் கடையிலிருந்து குரல் வந்தது. "என்னடே மேலே? யாரும் செத்துட்டாங்களா?"

ஜெரோமின் கை திருகின்மேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை.

எடுத்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டார்.

ஒரு நிமிடம்.

இரண்டு நிமிடம்.

டீச்சர் எழுந்தார்.

ஜெரோம் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் பத்து நொடி. முதல் தடவைகூட நாலு நிமிடம் உட்கார்ந்தார்களே என்று நினைத்தார். மகளிடம் என்ன சொல்வது என்று நினைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். படியில் காலடி கேட்பதற்காகக் காத்திருந்தார்.

காலடி கேட்கவில்லை.

ஒரு ஸ்வரம் நின்றது. மங்கி அடங்கவில்லை. வெட்டினாற்போல் நின்றது.

கண்ணைத் திறந்தார். சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

டீச்சர் மேசைக்கு முன்னால் குனிந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

"மாற்றுச் சான்றிதழ் தொலைஞ்சிட்டாம் இந்தப் பையனுக்கு," என்றார், திரும்பாமல். "ஸ்கூல்லயே இன்னொண்ணு கேட்டு வாங்கலாம்னு ஒருத்தருக்குமா எழுதத் தோணலை?"

இன்னொரு ஸ்வரம் நின்றது.

"டீச்சர்..."

"பேசாதீங்கண்ணே. காது குடையுது. அந்தக் கீழ இருந்து ஊதுதே, அது யாரு? அதை முதல்ல பாருங்க."

ஜெரோம் பக்கத்துக் கணினிக்கு ஓடினார். தேடி எடுத்தார். வெள்ளிக்கிழமை போட்ட கேள்வி. சத்தமாகப் படித்தார்.

"'அப்பா மீன் பிடிக்கத் தங்குகடலுக்குப் போயிருக்காங்க. வர இன்னும் எட்டு நாள் ஆகும். விண்ணப்பத்துக்குப் புதன்கிழமை கடைசி. அப்பா கையெழுத்து இல்லாம அனுப்பலாமா? எங்க வீட்டில யாரும் காலேஜ் போனதில்லை. கேட்க ஆள் இல்லை.'"

டீச்சரின் விரல்கள் நின்றன.

"புதன்கிழமைன்னா நாளைக்கு."

"ஆமா."

"எனக்குத் தெரியலையேண்ணே. போகலாமா அப்படி?"

டீச்சர் ஒன்றைத் தெரியவில்லை என்று சொல்லி ஜெரோம் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியும் டீச்சர்," என்றார். "போன வருஷம் நான் கொடைக்கு செட்டு கட்ட வெளியூர் போயிட்டேன். என் மகளுக்கு அவ அம்மாதான் கையெழுத்துப் போட்டா. எடுத்துக்கிட்டாங்க."

"அப்போ நிக்கீங்களே. எழுதுங்க."

ஜெரோம் இரண்டு விரலால் தட்டினார்.

'அம்மா கையெழுத்து போதும்மா. என் மகளுக்கு அப்படித்தான் போட்டோம். காலையில காலேஜ் ஆபீஸுக்கு போன் பண்ணி ஒரு தடவை கேட்டுக்கோ. பயப்படாம அனுப்பு.'

ஒரு எழுத்து தப்பாக விழுந்தது. திருத்தினார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். அனுப்பினார்.

ஜன்னல் கண்ணாடி அதிர்வதை நிறுத்தியது.

ஜெரோம் அப்படியே நின்றார். இந்தக் கையால் எத்தனையோ ஆயிரம் சத்தங்களை அடக்கியிருக்கிறார். ஒரு சத்தம் இப்படி நின்று அவர் கேட்டதில்லை.

"அடுத்தது பாருங்கண்ணே," என்றார் டீச்சர்.

அடுத்தது விடுதி பற்றியது. அவருக்குத் தெரியவில்லை. விட்டார். அதற்கடுத்தது சாதிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் உள்ள எழுத்து மாறியிருப்பது பற்றியது. அது தெரியும். அதற்காக மூன்று தடவை தாலுகா ஆபீஸுக்கு நடந்திருக்கிறார். எழுதினார்.

படியில் காலடி கேட்டது. பேட்டரிக் கடைக்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"சத்தத்தை நிறுத்தப்போறீங்களா, இல்ல நான் மெயினைப் பிடுங்கட்டுமா?"

"நீங்க பாலிடெக்னிக் படிச்சவருதானே?" என்றார் டீச்சர்.

"அதுக்கு என்ன இப்போ?"

"இங்க வாங்க. டிப்ளமோ முடிச்சா நேரா ரெண்டாம் வருஷம் சேரலாமான்னு ஒரு பிள்ளை கேக்குது."

"அது சேரலாமே," என்றார் கடைக்காரர்.

"சொன்னா பத்தாது. எழுதுங்க."

அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீபோர்டை நோக்கிக் குனிந்தார்.

சுவரில் பதினெட்டுப் புள்ளிகள் இருந்தன.

அப்போது ஜெரோமின் கைபேசி அடித்தது. முகாம் ஹாலில் ஏற்பாடு பார்ப்பவர். ஜெரோம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு கைபேசியை நெஞ்சோடு அழுத்தி மூடினார்.

"டீச்சர், ஹால்ல இருந்து பேசுறாங்க."

"என்னவாம்?"

ஜெரோமுக்குக் கேட்கவே பயமாக இருந்தது. கேட்டார்.

"நோட்டீஸ் அச்சுக்குப் போகுதாம். நம்ம பக்கத்துக்கு யார் பேரு போடணும்னு கேக்காங்க. எத்தனை நாற்காலி போடணும்னும் கேக்காங்க."

டீச்சர் தட்டுவதை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"ஜெரோம்னு போடச் சொல்லுங்க. நாற்காலி ஒண்ணுகூட வேண்டாம். கீபோர்டு எத்தனை தருவாங்கன்னு கேளுங்கண்ணே."